சிறிய சங்கிலிவாளின் பயனும் பெறுமதியும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில், எந்த நாட்டில், எவரால் முதன்முதலாக ஆக்கப்பட்டது என்ற வினாக்களுக்கு விடை கண்டதும் ஆராய்ச்சி நிறைவெய்தியதாகக் கருதப்படுகின்றது. ஆயின் ஒரு கருவி யாருடைய கைக்கு எட்டியது, அந்தக் கையைக் கொண்டு எதனைச் செய்வித்தது, அந்தக் கைக்கே எதனைச் செய்தது என்ற வினாக்கள் முன்னவற்றிலும் முக்கியமானவை. மரம் அரியும் சிறிய சங்கிலிவாளின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை பகரத்தக்க நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பற்கள் பொருந்திய முடிவிலாச் சங்கிலியொன்று நீண்ட தகட்டின் விளிம்பைச் சுற்றி விரைந்தோடுவதனால் மரத்தை அறுக்கும் பொறியே சங்கிலிவாள் எனப்படுவது. 1960களிலும் 1970களிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆக்கப்பட்ட, ஒருவர் ஒரு கையால் தூக்கிச் செல்லத்தக்க சிறுவாள்கள் இன்று பழம்பொருள் என்ற நிலையை அடைந்துவிட்டன. எனினும் அவை அருங்காட்சிப் பேழைக்குள் அடங்கிவிடவில்லை. அவற்றுட் பல இன்றும் விறகு தறிக்கின்றன. அரை நூற்றாண்டு கடந்த ஒரு பொறி இவ்வாறு தொழிற்படுவதன் காரணத்தையும், அதன் பெறுமதியை எவ்வாறு மதிப்பிடுதல் தகும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கிலியைக் கொண்டு அறுக்கும் எண்ணம் முதலில் காட்டிலே தோன்றியதன்று; மருத்துவரின் கையிலே தோன்றியது. 1830ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான பேர்ண்ஹார்ட் ஹைன என்பார் எலும்பை அறுப்பதற்கென ஆக்கிய கருவியில், கைப்பிடியைச் சுழற்ற, பற்களுடைய சிறு சங்கிலியொன்று தகட்டைச் சுற்றி ஓடிற்று. உருவில் மிகச் சிறியதாயினும் அமைப்பில் அது இன்றைய வாளையே ஒத்திருந்தது. மரம் வீழ்த்தும் தொழிலோ அதற்குப் பின்னரும் நெடுங்காலம் கோடரியையும், இருவர் இருபுறமும் நின்று இழுக்கும் நீண்ட வாளையுமே நம்பியிருந்தது. இயந்திர வலுவைக் காட்டுக்குள் கொண்டு செல்வது எளிதாக இருக்கவில்லை. ஆலையில் மரம் வாளிடம் வரும். காட்டிலோ வாள் மரத்திடம் செல்லவேண்டும். ஆதலின் இத்துறையின் தலையாய பிரச்சினை வலு அன்று, பாரமே.

1920களில் ஜேர்மனியில் நிகழ்ந்த முயற்சிகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1926இல் அந்திரேயாஸ் ஷ்டீல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலிவாளை ஆக்கினார். மறு ஆண்டில் எமில் லேர்ப் என்பார் துரிங்கியாப் பகுதியிலுள்ள டொல்மார் மலையில் பெற்றோலால் இயங்கும் வாளொன்றைப் பரீட்சித்தார். அதன் நிறை 58 கிலோகிராம். அம்மலையின் பெயரே பின்னர் அவருடைய நிறுவனத்துக்கும் பெயராயிற்று. 1929இல் ஷ்டீல் வெளியிட்ட பெற்றோல் வாள் 46 கிலோகிராம் நிறையும் 6 பரிவலுவும் கொண்டதாக இருந்தது. இவை யாவும் இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய பொறிகள். எஞ்சினை ஒருவரும் தகட்டின் மறுமுனையை மற்றவரும் பிடித்தனர். ஆகவே தொழிலின் வேகம் கூடிற்றேயன்றித் தொழிலின் அமைப்பு மாறவில்லை. கைவாளை இழுத்த அதே இருவர் இப்பொழுது இயந்திரத்தைச் சுமந்தனர்.

இரண்டாம் உலக மகாயுத்தம் இருவகையில் இந்நிலையை மாற்றியது. ஜேர்மன் வாள்களின் இறக்குமதி தடைப்பட்டதால் வட அமெரிக்காவில் உள்நாட்டு உற்பத்தி ஊக்கம் பெற்றது. அதனிலும் முக்கியமானது, விமானத் தொழிலின் தேவைகளையொட்டி அலுமினியம், மகனீசியம் ஆகிய இலேசான உலோகங்களை வார்க்கும் தொழினுட்பம் விரைந்து வளர்ந்தமையாகும். றொபேட் மக்கலக் என்ற அமெரிக்கரின் தொழில் வரலாறு இத்தொடர்பை நன்கு விளக்குகின்றது. யுத்த காலத்தில் அவருடைய நிறுவனம், பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்கென வானில் ஏவப்பட்ட ஆளில்லா இலக்கு விமானங்களுக்குச் சிறிய ஈரடிப்பு எஞ்சின்களை ஆக்கிக் கொடுத்தது. யுத்தம் முடிந்ததும் அந்த அனுபவம் காட்டுத் தொழிலை நோக்கித் திரும்பியது. 1948இல் வெளிவந்த அவரது முதல் வாள் 49 இறாத்தல் நிறையுடையது. அடுத்த ஆண்டில் வெளிவந்த வாள் 25 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 11 கிலோகிராம். ஒரே ஆண்டில் நிறை ஏறக்குறைய அரைவாசியாயிற்று. 1950இல் ஷ்டீல் நிறுவனமும் 16 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் வாளை வெளியிட்டது.

பாரம் குறைந்தமைக்கு உலோகம் மாத்திரம் காரணமன்று. வேறு மூன்று மாற்றங்களும் ஒன்றுசேர்ந்தே சிறுவாளைச் சாத்தியமாக்கின. முதலாவது சங்கிலியில் ஏற்பட்ட மாற்றம். முந்திய சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் பின்பற்றியவை. அவற்றைக் கூர்மையாக்க நுண்ணிய திறனும் நெடுநேரமும் வேண்டியிருந்தன. ஒறிகன் மாநிலத்தில் மரம் வெட்டுபவராயிருந்த ஜோசப் பியூபோட் கொக்ஸ் என்பவர் 1946இல், மரத்தைத் துளைக்கும் வண்டொன்றின் குடம்பி, நாரின் போக்குக்கு நேராகவும் குறுக்காகவும் இடமும் வலமுமாகக் கடித்துச் செல்வதைக் கூர்ந்து நோக்கினார். அதன் தாடைகளை மாதிரியாகக் கொண்டு, இடமும் வலமுமாக மாறி மாறி வளைந்த பற்களையுடைய சங்கிலியை அவர் வடிவமைத்து 1947இல் விற்பனைக்கு விட்டார். இப்பற்களை வட்ட அரத்தால் காட்டிலேயே எவரும் தீட்டிக்கொள்ளலாம். குறைந்த வலுவோடு கூடிய அளவு அறுத்தமையால் சிறிய எஞ்சினும் போதுமானதாயிற்று.

இரண்டாவது காபரேற்றரில் ஏற்பட்ட மாற்றம். மிதவையைக் கொண்டு பெற்றோலின் மட்டத்தைப் பேணும் பழைய காபரேற்றர் நிமிர்ந்த நிலையிலேயே செவ்வனே இயங்கும். நின்ற மரத்தை அறுக்க வாளைப் படுக்கையாகத் திருப்பும்போது எஞ்சின் நின்றுவிடும். ஆதலால் எஞ்சினை நிமிர்த்தியபடியே வைத்துத் தகட்டை மாத்திரம் திருப்பும் பாரமான பொறிமுறை வேண்டப்பட்டது. மிதவைக்குப் பதிலாக நெகிழும் மென்றகட்டைப் பயன்படுத்தும் காபரேற்றர் 1950களில் பரவியபின், தலைகீழாகப் பிடித்தாலும் எஞ்சின் நிற்கவில்லை, அப்பொறிமுறையும் தேவையற்றதாயிற்று. மூன்றாவது, எஞ்சினுக்கும் சங்கிலிக்கும் இடையிலிருந்த பற்சில்லுகள் நீக்கப்பட்டுக் கிளச்சினூடாக நேரடியாகச் சங்கிலி ஓட்டப்பட்டமை. 1959இல் ஷ்டீல் நிறுவனம் வெளியிட்ட கொன்ரா என்ற வாள் இவ்வகைக்குப் பெயர்பெற்றது. அதன் நிறை 12 கிலோகிராம், வலு 6 பரிவலு. 1929இல் இதே 6 பரிவலுவைப் பெற 46 கிலோகிராம் சுமக்கவேண்டியிருந்தது. முப்பதாண்டுகளில் நிகழ்ந்த வளர்ச்சியை இவ்விரு எண்களும் சுருங்கக் கூறுகின்றன.

1960களின் முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் ஹோம்லைற் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்எல்-12 என்ற வாளோடு சிறுவாளின் காலம் உண்மையில் தொடங்கியது எனலாம். தகடும் சங்கிலியும் நீங்கலாக அதன் நிறை ஏறக்குறைய 12 இறாத்தல். பெயரிலுள்ள எண்ணும் அதனையே குறித்தது. 54 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய எஞ்சினும் மகனீசிய வார்ப்பு உடலும் கொண்ட இவ்வாள் தொழில்முறை மரவெட்டியிடமும் சென்றது. சிறு பண்ணையாளனிடமும் சென்றது. அதுகாறும் காட்டுக் கொம்பனிகளுக்கும் கூலிக்குழுக்களுக்குமே உரியதாயிருந்த ஒரு பொறி, வீழ்ந்த மரமொன்றை அகற்றவும் வேலிக்குக் கதியால் தறிக்கவும் வீட்டுக்கு விறகு சேர்க்கவும் தனியாள் ஒருவனுக்குக் கிட்டிற்று.

1970களில் இப்போக்கு மேலும் விரிந்தது. மக்கலக் நிறுவனத்தின் மினிமாக், ஹோம்லைற்றின் எக்ஸ்எல்-2, ஷ்டீலின் 015 முதலிய வாள்களின் எஞ்சின் கொள்ளளவு 26 தொடக்கம் 35 கன சென்ரிமீற்றர் வரையிலேயே அமைந்தது. 1973இல் நிகழ்ந்த எண்ணெய் நெருக்கடி இவற்றின் பரவலுக்குத் துணைநின்றது. எண்ணெய் விலை உயரவே வட அமெரிக்கக் குடும்பங்கள் பல குளிர்காலத்தைக் கழிக்க மீண்டும் விறகடுப்பை நாடின. விறகடுப்பு வாங்கியவர் சிறுவாளையும் வாங்கினார். இவ்வகையில் சிறுவாள் எண்ணெயால் இயங்கும் பொறியாயிருந்தும், எண்ணெயை நம்பியிராது வாழ முயன்றோரின் கருவியாயிற்று. சில நாழிகையில் எரிக்கும் சிறிதளவு பெற்றோலைக் கொண்டு பல நாள் வெப்பத்துக்கான விறகை ஈட்டித் தந்தமையே அதன் பொருளாதாரப் பயனாகும்.

இதுவரை கூறியது வெற்றியின் வரலாறு. இதன் மறுபக்கத்தைக் கூறாது விடுவது வரலாற்று நேர்மையாகாது. வாள் ஒருவர் கைக்கு வந்ததும், முன்னர் இருவரிடையே பங்கிடப்பட்ட சுமையும் இரைச்சலும் அதிர்வும் அந்த ஒருவர் மீதே விழுந்தன. அதிரும் கருவியால் விரல்கள் குருதியோட்டங் குன்றி வெளிறி உணர்விழக்கும் நோய் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. 1918இல் அமெரிக்க மருத்துவரான அலிஸ் ஹமில்ரன் இந்தியானா மாநிலத்துப் பெட்போட் நகரில், காற்றுச் சம்மட்டி பிடித்த கல்லுடைக்கும் தொழிலாளரிடையே இதனை ஆராய்ந்திருந்தார். ஆயினும் அந்த அறிவு காட்டுக்குள் சென்று சேரவில்லை. எஞ்சினோடு கைப்பிடி இறுகப் பிணைக்கப்பட்ட ஒருவர் வாள்கள் 1950களிலும் 1960களிலும் பல்கிய பின்னரே, ஜப்பானிலும் வட ஐரோப்பிய நாடுகளிலும் காட்டுத் தொழிலாளர் பலர் வெண்விரல் நோயுற்றனர். குளிரில் வெளிறிய விரல்களால் சட்டைப் பொத்தானைப் பூட்டுவதே அவர்களுக்கு அரிதாயிற்று.

கூலிமுறையும் இத்துன்பத்தோடு இணைந்திருந்தது. வெட்டிய மரத்தின் அளவுக்கேற்பக் கூலி பெற்றவன் வாளை நிறுத்தி இளைப்பாற விரும்பமாட்டான். சுவீடனில் வாளும் பெரும்பாலும் தொழிலாளியின் சொந்தப் பொருளாகவே இருந்தது. உற்பத்திக் கருவி தொழிலாளிக்குச் சொந்தமாவது அவனுடைய விடுதலையின் அடையாளம் எனப் பொதுவாகக் கூறப்படும். இங்கோ அவ்வுடைமை கருவியின் செலவையும் கேட்டையும் அவன் தலையிலேயே சுமத்தியது. 1975இல் சுவீடனின் காட்டுத் தொழிலாளர் மேற்கொண்ட வேலைநிறுத்தத்தில், அளவுக்கூலியை ஒழித்து மாதச் சம்பளம் வழங்கவேண்டும் என்பது தலையாய கோரிக்கையாக அமைந்தமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது.

கருவியின் அமைப்பும் மாறிற்று. 1960களின் நடுப்பகுதியில் ஷ்டீல் நிறுவனமும், 1969இல் சுவீடனின் ஹஸ்குவார்ணா நிறுவனமும் கைப்பிடியை எஞ்சினிலிருந்து றப்பர்த் தாங்கிகளாற் பிரித்து அதிர்வைத் தணிக்கும் அமைப்பைக் கொண்டுவந்தன. தகட்டின் நுனி மரத்தில் முட்டும்போது வாள் துள்ளி இயக்குபவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எழும் பின்னுதைப்பு மற்றொரு பேராபத்து. கை முன்னே சரிந்து காப்புத் தண்டிற் பட்டதும் நொடிப்பொழுதில் ஓட்டத்தை நிறுத்தும் சங்கிலித் தடுப்பு 1970களின் முற்பகுதி முதல் பரவியது. இவற்றின் பயனைப் பின்லாந்தின் சுவோமுசல்மிப் பகுதியில் காட்டுத் தொழிலாளரிடையே தொடர்ச்சியாக நடத்தப்பட்ட ஆய்வு தெளிவுறுத்துகின்றது. அங்கு 1972இல் நூற்றுக்கு 40 பேரிடம் காணப்பட்ட வெண்விரல் நோய் 1990இல் நூற்றுக்கு 5 பேரளவுக்குக் குறைந்தது. ஒரு பொறியின் கைப்பிடியில் வைக்கப்பட்ட சில றப்பர்த் துண்டுகள் எத்தனை மனிதரின் விரல்களைக் காத்தன என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இவ்வரலாற்றுப் பின்னணியிலேயே பழைய சிறுவாளின் இன்றைய பெறுமதியை நோக்கல் வேண்டும். பொருளியலாளர் ஒரு பொருளின் பயன்பெறுமதியையும் பரிவர்த்தனைப் பெறுமதியையும் வேறுபடுத்திக் காண்பர். பரிவர்த்தனைப் பெறுமதி இங்கு பெரிதன்று. சிறுவாள்கள் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டவை. அரிய பொருளுக்குச் சேகரிப்போர் கொடுக்கும் விலை இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குக் கிடைப்பதில்லை. பழமை ஒன்றே விலையாகாது.

பயன்பெறுமதியோ வேறு. பழைய சிறுவாளின் முதன்மையான சிறப்பு, அது உடைமையாளனாற் கழற்றத்தக்கதாக ஆக்கப்பட்டமையாகும். திருகாணித்திருப்பியும் சில சாவிகளும் கொண்டு எஞ்சினை வெளியே எடுக்கலாம். காபரேற்றரின் மென்றகடு காய்ந்து விறைத்தால் அதனை மாற்றலாம். பல பழைய காபரேற்றர்களுக்கான மென்றகடுகள் இன்றும் செய்யப்படுகின்றன. தீப்பொறி தரும் தொடுமுனைகள் கறுத்தால் நுண்ணரத்தாற் சுத்தஞ்செய்யலாம். சங்கிலியின் அளவுகள் ஒழுங்குபடுத்தப்பட்டமையால் 1970களின் வாளுக்கும் பெரும்பாலும் இன்றைய சங்கிலி பொருந்தும். ஆக்கிய நிறுவனம் மறைந்த பின்னரும் பொறி வாழ்வதற்கு இதுவே காரணம். மக்கலக் நிறுவனம் 1999இல் முறிவடைந்தது. அதன் வாள்கள் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. ஒரு பொருளின் ஆயுள் அதை ஆக்கியவரின் ஆயுளில் மாத்திரம் தங்கியிருத்தலாகாது என்ற உண்மையைக் கழற்றித் திருத்தி எறியும் இக்காலத்தார் மறந்துவிடலாகாது.

இச்சிறப்பினைச் சிறுவாள்கள் அனைத்துக்கும் பொதுவாக உரைத்தல் பொருந்தாது. எடையைக் குறைக்கும் போட்டியில் 1970களின் மிகச் சிறிய வாள்கள் சிலவற்றில் உறுப்புகள் நெருக்கி அடைக்கப்பட்டன. ஒரு குழாயை மாற்றவும் முழுப்பொறியையும் பிரிக்கவேண்டியதாயிற்று. உலோகத்துக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் இடம்பெற்றது. எதனோல் கலந்த இன்றைய பெற்றோல் பழைய றப்பர்க் குழாய்களையும் மென்றகடுகளையும் கெடுக்கின்றது. ஈரடிப்பு எஞ்சின் உள்ளெடுக்கும் எரிபொருளில் கணிசமான பங்கை எரிக்காமலே புகையோடு வெளியேற்றுவதும் மறைக்கத்தக்கதன்று. இது காரணமாகவே கலிபோர்ணியா 1995 முதலும் ஐக்கிய அமெரிக்கா முழுவதும் 1997 முதலும் சிறு எஞ்சின்களின் புகைக்கு வரம்பு விதித்தன. கலிபோர்ணியா 2021இல் இயற்றிய சட்டத்தையொட்டி, 2024 முதல் இத்தகைய சிறு பெற்றோல் பொறிகளைப் புதிதாக ஆக்கி விற்பதையே நிறுத்தும் வழியிற் சென்றுள்ளது. பற்றரியால் இயங்கும் வாள்கள் இன்று அவ்விடத்தைப் பிடித்து வருகின்றன.

ஆகவே பழைய சிறுவாளின் பயன் வரையறையுடையது. சிறிது நேர வேலைக்கு, எப்பொழுதாவது விழும் மரத்துக்கு, கிளை கழிப்பதற்கு, அதனைக் கழற்றி அறிந்த ஒருவர் கையில் அது இன்றும் போதுமான கருவி. நாள் முழுவதும் உழைப்பவரின் கைக்கு அது தக்கதன்று. அதிர்வுத் தாங்கியும் சங்கிலித் தடுப்பும் இல்லாத வாளை, மலிவாகக் கிடைக்கின்றது என்பதற்காகக் கூலியாளின் கையிற் கொடுத்தல் அறமுமன்று. 1960களில் காட்டுத் தொழிலாளர் கொடுத்த விலையை மீண்டும் ஒருவரைக் கொடுக்கச் செய்வதேயாகும்.

மூன்றாவதாக ஒரு பெறுமதியும் உண்டு. அதனைச் சான்றுப்பெறுமதி எனலாம். 1963ஆம் ஆண்டளவில் ஆக்கப்பட்ட வாளையும் 1980களில் ஆக்கப்பட்ட வாளையும் அருகருகே வைத்து நோக்கும் மாணவன், ஏடுகளைப் புரட்டாமலே ஒரு வரலாற்றை வாசிக்கின்றான். முன்னதில் எஞ்சினோடு இறுகிய கைப்பிடி. பின்னதில் இடையே றப்பர்த் தாங்கி. முன்னதில் பெருவிரலால் அமுக்கிச் சங்கிலிக்கு எண்ணெயூட்டும் முறை. பின்னதில் அது தானே நிகழ்கின்றது. முன்னதில் கைக்கு முன்னே வெறுமை. பின்னதில் காப்புத் தண்டு. இவ்வேறுபாடுகள் பொறியியலாளரின் மேசையில் மாத்திரம் தோன்றியவையல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெளிறிய விரல்களும் வெட்டுண்ட முகங்களும், அவற்றைக் கணக்கெடுத்த மருத்துவரும், வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளரும் நிற்கின்றனர். பின்வந்த வாளில் சேர்க்கப்பட்டவற்றை மாத்திரம் காண்போர் அவை ஏன் சேர்க்கப்பட்டன என்பதை அறியார். முன்வந்த வாளில் அவை இல்லாத இடத்தைக் கண்டோரே அதனை அறிவர்.

தொகுத்து நோக்குமிடத்து, சிறிய சங்கிலிவாள் இருவரின் தொழிலை ஒருவரின் தொழிலாக்கியது. பெரு நிறுவனத்தின் பொறியைச் சிறு குடியானவனின் கருவியாக்கியது. தன்னைத் திருத்தும் அறிவையும் உடைமையாளனுக்கே அளித்தது. அதே வேளையில் அந்த ஒருவரின் உடலிலிருந்து அதற்கான விலையையும் பெற்றுக்கொண்டது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வதே அதன் பெறுமதியைச் சரிவர மதிப்பதாகும். பழைய வாளைப் பேணுவோர் அதன் மகனீசிய உடலின் உறுதியைப் பாராட்டுவது நியாயமே. அதனைத் தொடங்குமுன், அதன் கைப்பிடியில் ஒருகாலத்தில் பதிந்திருந்த கைகளையும் அவர்கள் எண்ணிப்பார்ப்பாராயின், அப்பேணுதல் வரலாற்று அறிவோடு கூடியதாக அமையும்.